ருமேனியார் ஓம் சொன்ன நாள்

வெளிநாடு போய் வந்தவர்கள் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். சொக்கிளேற் கொண்டுவந்தவர்களையும், கோடாலித் தைலம் கொண்டுவந்தவர்களையும், மூக்கால் கதைக்கிற பழக்கத்தை மட்டும் கொண்டுவந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் போன நாட்டையே முழுசாக மூட்டை கட்டிக் கொண்டுவந்து அச்சுவேலிச் செம்மண்ணில் அவிழ்த்துவிட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் வீடு என் வீட்டுக்கு நேர் எதிரே இருப்பதால் அந்த நாட்டின் பெரும்பகுதி என் தலையில்தான் விழுந்தது.

அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவி மலருக்கும் கிராம சேவகருக்கும் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் ருமேனியார். நாட்டு வைத்தியரைப் பரியாரியார் என்றும் கிராம சேவகரை விதானையார் என்றும் 'ஆர்' போட்டுச் சொல்வது எங்கள் ஊர் மரியாதை. லண்டனில் பாதி ஆயுளைக் கழித்தவரைக்கூட லண்டன்காரன் என்றுதான் சொல்கிறோம். ஒரு நாட்டுக்குப் பின்னால் 'ஆர்' போட்டது இவர் ஒருவருக்குத்தான். அது மரியாதையா நக்கலா என்று அவரும் கேட்டதில்லை, நாங்களும் யோசித்ததில்லை.

போவதற்கு முன் அவர் வெங்காயம் செய்தவர். நல்ல உடம்பு, மண்வெட்டி பிடித்துத் தடித்த கை. வாய் திறந்து மாட்டைக் கூப்பிட்டால் பக்கத்து ஊர் மாடுகளும் திரும்பிப் பார்க்கும். வெங்காயம் விலை போகாமல் சாக்கோடு அழுகிய வருஷம் ஒன்றில், ஒழுங்கையில் கால் கை உள்ள எல்லாரும் கிளம்பியபோது இவரும் கிளம்பினார். கனடா கிடைக்கவில்லை, சுவிஸ் கிடைக்கவில்லை. ஏஜென்சிக்காரர் ருமேனியா இருக்கிறது என்றார். அது எங்கே இருக்கிறது என்று ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியவில்லை. என் பக்கத்து வீட்டு ரோசா அக்காதான், அது உரோமாபுரி, கிறிஸ்து வேதக்காரருக்குப் புண்ணிய பூமி என்று அடித்துச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், தனக்கு அங்கிருந்து ஒரு செபமாலை வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

விமான நிலையத்தில் கூட்டிப்போக வந்த சாரதியிடம் நம்மவர் முதலில் கேட்டது உரோமாபுரிக் கோயில் எவ்வளவு தூரம் என்றுதான். கையைக் கூப்பி, சிலுவை போட்டுக் காட்டிக் கேட்டிருக்கிறார். சாரதி சூரியன் மறைகிற பக்கம் கையை நீட்டிவிட்டு, அதற்கு எதிர்ப்பக்கமாக நாள் முழுக்க வண்டியை ஓட்டினாராம். திரும்பி வரும்போது ரோசா அக்காவுக்கு ஒரு மரக் கரண்டி வந்தது, காம்பெல்லாம் பூ வேலை செய்தது. "ரோமிலை இல்லை அக்கா, ருமேனியாவிலை செய்தது. ஆனால் செய்த மனிசன் சரியான பக்தி" என்று சொல்லிக் கொடுத்தார். ரோசா அக்கா அதைச் சமையலறையில் வைக்கவில்லை. மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறார்.

அவர் போய்ச் சேர்ந்த இடத்துக்குக் 'கொமூனா' என்று பெயர். நாலைந்து கிராமங்களைச் சேர்த்து ஒரு தலைவருக்குக் கீழே விட்டால் அது கொமூனா. கோயில், கடை, குதிரை வண்டில், சோளக் காணி, எல்லாருக்கும் பொதுவான ஒரு பெரிய புல்வெளி. ஊரில் இளசுகள் கிடையாது. எல்லாம் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போய்விட்டன. அவர்கள் அனுப்பிய காசில் மாடி வீடுகள் எழும்பி, யன்னல் எல்லாம் சாத்திக் கிடக்கின்றன. வயசு போனவர்கள் பின்பக்கத்துப் பழைய அறையில் இருந்துகொண்டு மாட்டையும் கோவாவையும், அதுதான் முட்டைக்கோசையும், பார்க்கிறார்கள். காணியை உழ ஆளில்லாதவர்கள் அதைப் பண்ணைக்குக் குத்தகைக்கு விட்டு, வருஷ முடிவில் கோதுமையும் எண்ணெயும் வாங்கிக்கொள்கிறார்கள். பண்ணைக்கும் ஆள் இல்லை. அதற்குத்தான் அச்சுவேலியிலிருந்து எங்கள் ஆள்.

இறங்கின அன்றே அது தனக்குத் தெரிந்த ஊர்தான் என்று அவருக்குப் பட்டதாம். பூட்டிய மாடி வீடும், பின்னறையில் அம்மாவும் அப்பாவும் இருப்பதும் எங்கள் ஒழுங்கையில் இல்லாத சங்கதியா? போதாக்குறைக்கு அங்கே கிணறுகளில் துலா வேறு. எங்கள் தோட்டக் கிணறுகளில் இருந்த அதே துலா, அதே மரம், அதே வாளி. அதைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதேன் என்றார். உலகப் பொருளாதாரத்தை அவர் எனக்கு மதிலுக்கு மேலாக விளங்கப்படுத்தியது இப்படி:

"அவையின்ரை பிள்ளையள் இத்தாலியிலை வயசு போனதுகளைப் பாக்குதுகள். அவையின்ரை மாட்டை நான் பார்த்தன். என்ரை மாட்டை மலர் பார்த்தாள். எல்லாரும் வேறை ஆரின்ரையோ வேலையைத்தான் அக்கா பாக்கினம்."

படித்த பலர் மேடை போட்டுச் சொன்னதைவிட எனக்கு அது விளங்கியது.

பண்ணையில் மாடுகளுக்குப் பொறுப்பானவர் நெலு என்ற கிழவர். மயிர்த் தொப்பி, சிவந்த மூக்கு. தமிழும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது. முதல் நாள் காலையில் நம்மவர் வாளியோடு போய் நிற்க, நெலு தலையை ஆட்டி "தா" என்றார். நம்மவர் வாளியைக் கொடுத்தார். கிழவர் சந்தோஷப்பட்டு "தா, தா" என்றார். இவர் மண்வாரியைக் கொடுத்தார், கையுறையைக் கழற்றிக் கொடுத்தார். கிழவர் சிரித்துக்கொண்டு இன்னொரு முறை தா என்றதும், குளிரில் நடுங்கிக்கொண்டு போட்டிருந்த கோட்டையும் கழற்றி நீட்டியிருக்கிறார். பிச்சைக்காரர் கையில் அல்லவா வந்து மாட்டிக்கொண்டோம் என்று அன்று இரவு மலருக்கு ரெலிபோனில் சொன்னார். அந்த நாட்டில் 'தா' என்றால் ஆமாம் என்று அர்த்தமாம்.

மற்றப் பக்கத்துக் கூத்து இதைவிடப் பெரிசு. எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு ஓம் என்போம். நெலு எதைக் கேட்டாலும் நம்மவர் "ஓம்" என்றார். அந்தப் பாஷையில் 'ஓம்' என்றால் மனிசன். மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாயா? மனிசன். சாப்பிட்டாயா? மனிசன். நாளைக்குப் பனி கொட்டுமோ? மனிசன். கிழவர் கொஞ்ச நாள் இவரை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, தான் ஒரு மனிசன் என்பதை யாரும் மறந்துவிடக்கூடாது என்று இந்த அந்நியன் பயப்படுகிறான் போலிருக்கிறது என்று அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. அன்றிலிருந்து அவரை அந்தப் பெயராலேயே கூப்பிட்டார். சாரதிதான் ஒரு நாள் சைகையில் இரண்டு சொல்லையும் அவிழ்த்துவிட்டாராம். அதைச் சொல்லும்போது ருமேனியார் சிரிப்பார்.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடமாட்டேன் என்று நம்மவர் பன்றிக் கொழுப்பைத் தள்ளி வைத்தார். நெலுவின் கோயிலிலும் வெள்ளி விரதம். இவன் எங்கள் வேதம்தான் என்று கிழவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

இந்த மனிதர்தான் போன கார்த்திகையில் லீவில் வந்து இறங்கினார். தைப்பொங்கல் முடியத் திரும்பிப் போகவேண்டும். வரும்போது 'தா'வும் கூடவே வந்துவிட்டது. எதைக் கேட்டாலும் அதுதான் வாயில் முதலில் வந்தது. வந்த கிழமையே கோயில் வாசலில் மாஸ்டரைக் கண்டார். மாஸ்டர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், எங்கள் பால் சங்கத்துக்குத் தலைவர். அவரைக் கண்டால் ஊரே எழுந்து நிற்கும், சால்வையை இறக்கும். அவர் அன்போடு, "எப்ப வந்தனீர், வெள்ளிக்கிழமையோ?" என்று கேட்டார்.

"தா" என்றார் ருமேனியார்.

மாஸ்டருக்கு விளங்கவில்லை. என்ன என்றார். இவர் இன்னும் பணிவாக, தலையைக் குனிந்து, "தா, தா" என்றார். மாஸ்டர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். வெளிநாட்டுக்குப் போய் வந்தவன் கோயில் வாசலில் நின்று பிச்சை கேட்கிறான், அதையும் 'தாங்கோ' என்று கேட்கத் தெரியவில்லை என்று அன்று பின்னேரமே கதை பரவியது.

அடுத்தது மாட்டுக்குப் பெயர் வைத்த படலம். கொமூனாவில் மாடு எந்தக் கிழமை பிறந்ததோ அந்தக் கிழமையே பெயர். நெலுவின் பசு வியாழக்கிழமை பிறந்தது, அதனால் ஜோயானா. ருமேனியார் தன் பசுவுக்குச் செவ்வாய் என்று பெயர் வைத்தார். அதன்பிறகு போட்ட சினை ஊசி பிடிக்கவில்லை. செவ்வாய்க்குற்றம் இருந்தால் எப்படிச் சினைப்படும் என்று ஒழுங்கை முழுக்கச் சிரிப்பு. அதோடு விட்டிருக்கலாம். ரோசா அக்காவின் பசு சனிக்கிழமை பிறந்தது என்று கண்டுபிடித்துக்கொண்டு போய், வாசலில் நின்று அதைச் சனி என்று ஆசையோடு கூப்பிட்டார். ரோசா அக்கா மரக் கரண்டியைக் கழற்றிக்கொண்டு வந்தார். அந்தக் கரண்டி பாவிக்கப்பட்டது அன்றைக்கு ஒரு நாள்தான். என் பசு ஞாயிறு பிறந்தது. நல்லவேளை.

பிறகு கோவாப் பீப்பா. அங்கே குளிர்காலத்துக்குக் கோவாவை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பீப்பாவில் வைப்பார்களாம். இங்கே குளிர்காலம் கிடையாது என்பதை மனுசன் மறந்துவிட்டார். எங்கள் வெயிலில் அந்தப் பீப்பா கிளப்பிய மணத்தில் ஒழுங்கையில் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று ஆளாளுக்கு வீடு வீடாக விசாரித்தோம். சுகாதாரப் பரிசோதகர் தேங்கின தண்ணீரில் நுளம்புக் குடம்பி தேடுகிற சாட்டில் வந்தார். மூடியைத் திறந்து பார்த்தார். ருமேனியார் அவருக்கு ஒரு பிடி எடுத்துச் சோற்றோடு கொடுத்தார். அவர் சாப்பிட்டுவிட்டு, மூடியை இறுக்கி மூடி வைக்கச் சொல்லி, ஒரு போத்தலில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போனார்.

இதையெல்லாம் விசர் என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு நாள் மலர் மதிலடிக்கு வந்து, கீழே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அக்கா, இவருக்கு அங்கைதான் மனம். திரும்பிப் போகத்தான் நிக்கிறார். போக வேண்டாம் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

அடுத்த நாள் அதே மதிலடிக்கு அவர் வந்தார். "மலர் என்ரை குளிர்க் கோட்டை இப்பவே அயன் பண்ணி வைச்சிட்டாள் அக்கா. நான் போகவேணும் எண்டு நிக்கிறாள். இனி நிண்டு என்ன செய்யிறது?"

யாழ்ப்பாணத்து வெயிலில் ஒருத்தி கம்பளிக் கோட்டுக்கு அயன் போடுகிறாள் என்றால் அவள் மனம் எந்தப் பாடு பட்டிருக்கும் என்று இந்த மனுசனுக்கு விளங்கவில்லை. போகவேண்டாம் என்றுதான் அவள் நினைக்கிறாள் என்று நான் பச்சையாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. நின்றால் பிழைப்புக்கு வழி வேண்டும், வெறுங்கையோடு நிற்க மாட்டேன் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனுசன் ருமேனியாவை இங்கே கட்டப் பார்ப்பது அங்கே போகாமல் இருப்பதற்கு.

வழி ஒன்று அவர் கையில் இருந்தது. எங்கள் ஒழுங்கையில் மாடு வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக விற்றுக்கொண்டிருந்தார்கள். முழங்கால் நோவோடு மாட்டைக் கடல்நீரேரிப் பக்கத்துப் புல்தரவைக்கு இழுத்துப் போக யாரால் முடியும்? பால் குறைந்தால் ஒழுங்கைக்குள் திரும்பமாட்டோம் என்று பால் எடுக்கிற வாகனக்காரரும் சொல்லிவிட்டார். கொமூனாவில் இதற்கு ஒரு வழக்கம். காலையில் மேய்ப்பன் தெருவால் போவான், ஒவ்வொரு வீட்டாரும் படலையைத் திறந்து மாட்டை விடுவார்கள். பின்னேரம் மந்தை திரும்பும்போது ஒவ்வொரு மாடும் தானாகப் பிரிந்து தன் வீட்டுக்குள் போகும். வீட்டார் வாசலில் போட்ட வாங்குப் பலகையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த மேய்ப்பன் வேலையைத் தான் செய்கிறேன், வீட்டுக்கு இவ்வளவு என்று தந்தால் போதும் என்றார் ருமேனியார்.

பால் சங்கக் கூட்டத்தில் மாஸ்டர் மூக்கைச் சுழித்தார். கோயில் வாசல் சங்கதி அவருக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் நியாயக்காரர். "ஒரு நாள் செய்து பாரும். பிழைச்சால் அதோடை முடிஞ்சுது" என்றார். அன்று பின்னேரம் எல்லாரும் படலையைத் திறந்து வைக்கவேண்டும், மாட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, கயிறு தொடக்கூடாது என்று ருமேனியார் உத்தரவு போட்டார். தலைவர் என்ற முறையில் மாஸ்டரும் தன் படலையைத் திறந்து வைத்தார்.

மழை விட்ட மார்கழிக் காலை. செவ்வாய் முன்னால் போக, மற்ற மாடுகள் பின்னால் போன அழகு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பகல் முழுக்க ஒரு குறையும் இல்லை. பின்னேரம் நாங்கள் எல்லாரும் வாசலில் கதிரை போட்டுக் குந்திக்கொண்டு, ருமேனியாக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தோம்.

மந்தை வந்தது. என் ஞாயிறு என் வாசலைக் கடந்து, என்னை முன்பின் தெரியாதவள் மாதிரிப் போய்விட்டது. ரோசா அக்காவுடையதும் அப்படியே. எங்கள் மாடுகளைப் பிறந்த நாள் தொட்டு நாங்கள் கயிற்றில்தான் இழுத்திருக்கிறோம். அவை நிலத்தைப் பார்த்து நடந்தனவே தவிர வீட்டை நிமிர்ந்து பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் என்ன பிரயோசனம்? வெளிநாட்டுக் காசில் போட்ட இரும்புக் கேற்றுகள் ஒழுங்கை நெடுக ஒரே கறுப்பு, ஒரே தங்கநிற ஈட்டி. எனக்கே சிலவேளை பிழைக்கும்.

ஒழுங்கை முடிவில் மாஸ்டர் வீடு. அதற்கு மட்டும்தான் இன்னும் மரப் படலை, அதுவும் விரியத் திறந்து கிடந்தது. உள்ளே வாழைத் தோட்டம். பொங்கலுக்குக் கோயிலுக்கென்று மாஸ்டர் சாக்குக் கட்டி வளர்த்த கதலிக் குலை. செவ்வாய் அங்கே நின்றது, மணந்தது, உள்ளே திரும்பியது. மற்ற மாடுகளும் ஒழுங்கு தவறாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின.

நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது குலை இல்லை, குருத்து இல்லை, மாஸ்டரின் மனைவி வளர்த்த குரோட்டன்களில் சட்டி மட்டும் மிச்சம். மாஸ்டர் பனியனோடு முற்றத்தில் நின்றார். குரலை உயர்த்தாமல், வகுப்பில் கேட்பது மாதிரிக் கேட்டார்:

"இது உம்மடை வேலையோ?"

பயத்தில் ருமேனியாருக்குத் தமிழ் மறந்துபோய்விட்டது. "தா" என்றார்.

மாஸ்டர் வெறுமையான வாழை மரங்களைப் பார்த்தார், சட்டிகளைப் பார்த்தார். "எல்லாம் திண்டு முடிஞ்சுது. இனி என்னத்தைத் தர?" என்றார்.

சிரிக்கக்கூடாத இடத்தில் சிரிப்பு வந்தால் அடக்கமுடியாது. முதலில் சிரித்தது மாஸ்டரின் மனைவி. பிறகு ரோசா அக்கா, பிறகு நான். மாஸ்டர் சிரிக்கவில்லை, ஆனால் உள்ளே போய்ச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மாட்டைப் பிடிக்க வந்தவர்கள் ஒருவரும் வந்த கையோடு போகவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றாமல் அனுப்புகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. மாஸ்டரின் பிள்ளைகள் இரண்டு பேரும் நோர்வேயில். விருந்தறைக் கதிரைகளில் வாங்கினபோது சுற்றின பொலித்தீன் அப்படியே இருந்தது. மாஸ்டர் அந்தக் கதிரைகளை ஒவ்வொன்றாக முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். மாடுகள் படுத்து அசைபோட, நாங்கள் இருந்து ஊர்க்கதை கதைத்தோம். ருமேனியார் மட்டும் படலையடியில் நின்றுகொண்டு உள்ளே வரவே இல்லை.

அடுத்த நாள் வாசிகசாலையில் கூட்டம். தீர்ப்பு என்னவென்று எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் தந்தார்கள், பிழைத்துவிட்டது. மலர் பெண்கள் பக்கத்தில், சுவரோடு சாய்ந்து நின்றாள். சூட்கேஸ் அடுக்கிவிட்டேன் என்று காலையில் சொல்லியிருந்தாள். மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்பும்போது ருமேனியாரின் சேர்ட் பைக்குள் ரெலிபோன் அடித்தது. பதற்றத்தில் அதை நிறுத்தப் போய் வீடியோவைத் திறந்துவிட்டார். மயிர்த் தொப்பியும் சிவந்த மூக்குமாக நெலு வந்து நின்றார். பின்னால் வெள்ளை வெளேரென்று பனி. இவ்வளவு சனத்தையும் கண்டுவிட்டு, யாருக்கோ கலியாணம் என்று நினைத்துக் கிழவர் தொப்பியைக் கழற்றி எல்லாருக்கும் வாழ்த்துச் சொன்னார். பிறகு ஏதோ கேட்டார்.

"என்ன கேக்கிறார்?" என்றார் மாஸ்டர்.

"எப்ப திரும்பி வாறாய் எண்டு கேக்கிறார் ஐயா."

அப்போது மலர் வாய் திறந்தாள். அந்த மண்டபத்தில் அவள் குரலை யாரும் அதுவரை கேட்டதில்லை. "இஞ்சருங்கோ, நான் அயன் பண்ணினது நீங்கள் போகவேணும் எண்டு இல்லை" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மதிலடியில் நான் மன்றாடிச் சொல்லியும் ஏறாத சங்கதி, இப்போதுதான் அந்த மரமண்டையில் ஏறியது.

மாஸ்டர் மலரைப் பார்த்தார், ருமேனியாரைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அங்கை மாடு வீட்டுக்கு வருமாம். எங்கடை மாட்டுக்கு வீடு தெரியாது. அதுக்கென்ன, நேற்றுப்போலை என்ரை வளவிலை வந்து நிக்கட்டும். வீட்டுக்காரர் வந்து பிடிச்சுக்கொண்டு போங்கோ. வாழையைச் சுத்தி நான் அடைச்சுப்போடுறன்." கொஞ்சம் நிறுத்தி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "வீட்டுக்காரி இண்டைக்கும் கதிரையளை உள்ளுக்கு எடுக்கேல்லை" என்றார்.

மாஸ்டர் திரும்பி ருமேனியாரிடம் கேட்டார்: "அப்ப, நீர் நிக்கிறீரோ?"

எல்லாரும் அவர் வாயைப் பார்த்தோம். தா என்று சொல்லித் தொலைக்கப் போகிறாரே என்று நான் பயந்தேன். அவர் மலரைப் பார்த்துக்கொண்டு, சின்னக் குரலில், "ஓம்" என்றார்.

ரெலிபோனுக்குள் இருந்து கிழவர் பெரிதாகச் சிரித்தார். பழைய பகிடி என்று நினைத்திருக்க வேண்டும். "ஓம், ஓம்" என்று தானும் சொன்னார். ருமேனியார் ரெலிபோனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் "நு" என்றார். அந்தப் பாஷையில் இல்லை என்று அர்த்தம் என்பதை யாரும் சொல்லாமலே நாங்கள் விளங்கிக்கொண்டோம். கிழவரின் முகம் மாறிவிட்டது. பிறகு நடந்துபோய், ரெலிபோனைத் திருப்பி, கொட்டிலுக்குள் நின்ற ஜோயானாவைக் காட்டினார். அது பெரிய மண்ணிறப் பசு. இந்தப் பக்கம் பார்த்துக் காதை ஆட்டியது. ருமேனியார் எல்லாருக்கும் முன்னால் அழுதார், துடைக்கவும் இல்லை. கிழவர் திரும்ப முகத்தைக் காட்டி, ஆறுதலாக, "ஓம் பூன்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

"கடைசியா என்ன சொன்னவர்?" என்று மாஸ்டர் கேட்டார்.

"நல்ல மனிசனாம்."

"ஆர்?"

ருமேனியார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உங்களைத்தான் ஐயா" என்றார்.

மாஸ்டர் சேர்ட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டார். அவருக்கு அன்று இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. கிழவர் யாரைச் சொன்னார் என்பது அந்த மண்டபத்தில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

இப்போது பின்னேரங்களில் மாஸ்டர் வளவில் மாடும் சனமும் நிறைந்துபோய்க் கிடக்கிறது. பால் வாகனம் ஒழுங்கைக்குள் திரும்புகிறது. விற்ற மாட்டைத் திரும்ப வாங்கினவர்களும் உண்டு. கம்பளிக் கோட்டு, மழை நாளில் செவ்வாயின் கன்றுக்குப் போர்வையாகிறது. ஓம், செவ்வாய்க்குற்றம் தீர்ந்துவிட்டது. கோவாப் பீப்பா மட்டும் இன்னும் அங்கேதான் நிற்கிறது, காற்று என் பக்கம்தான் அடிக்கிறது, அதற்கு என்ன வழி என்று எந்தக் கொமூனாவும் சொல்லவில்லை.

இதை வாசித்துவிட்டு அவர் மதிலடிக்கு வருவார். வந்து, "நான் போகாமல் நிண்டது உங்களுக்கும் சந்தோசமோ அக்கா?" என்று கேட்பார், எனக்குத் தெரியும். நேரில் சொல்ல எனக்கு வெட்கம். அதனால் பதிலை அவருடைய பாஷையிலேயே இங்கே எழுதிவைக்கிறேன்.

தா.